அவளுடைய மூன்று மணி நேரம்

செய்தி வந்தபோது மணி பதினொன்று பத்து. மினியாபொலிஸ் விமான நிலையத்தில், மாடி லவுஞ்சின் ஜன்னலோர நாற்காலியில் ஹார்ம் போர்ஸ்மா உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சக்கரப் பெட்டி தலைகீழாக நின்றது. அக்கா லீடாவின் பெட்டி. போன முறை சந்தித்தபோது அதன் இரண்டு சக்கரங்களும் தேய்ந்துபோய், இழுத்தால் நாய் முனகுவதுபோல் சத்தம் போட்டன. "குடு, சரிபண்ணிக் கொண்டாறேன்" என்று அதை வாங்கிக்கொண்டு, தன் பெட்டியை அவளுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். வலது சக்கரத்தை ஊரிலேயே மாட்டியாகிவிட்டது. இடது பக்கத்துக்கானது தபாலில் தாமதமாகி முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, விமானத்தில் அனுமதிக்கிற குட்டைத் திருப்புளி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். அவள் மாடிக்கு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பழைய சக்கரத்தைக் கழற்றிய நேரத்தில் போன் அடித்தது.

எதிரே மேசையில் இரண்டு கிண்ணம் சூப். ஒன்றின்மேல் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார், ஆறிப்போகாமல் இருக்க.

"ஹார்ம்தானே பேசறீங்க? நான் டொலோரஸ். ஃபீனிக்ஸ்ல லீடாவுக்குப் பக்கத்து வீடு."

டொலோரஸை அவர் பார்த்ததில்லை. லீடா சொல்லும் கதைகளில் வருபவள். வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் கொடுப்பாள், பதிலுக்கு வருமான வரிக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்வாள்.

"சொல்லுங்க. அவ விமானம் எறங்கி அரை மணி ஆச்சு. இன்னும் மேல வரல. புத்தகக் கடையில நின்னுட்டான்னு நெனைக்கிறேன்."

"அவ விமானத்துல இல்ல, ஹார்ம்."

விடிகாலையில் வாடகைக் கார் வந்து வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்ததாம். தூக்கம் கெட்டு, திட்டலாம் என்று டொலோரஸ் வெளியே வந்திருக்கிறாள். லீடாவின் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற முக்காலியில், கோட்டு மாட்டி, ஷூ கயிறு கட்டி, சுவரில் சாய்ந்தபடி லீடா உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெட்டி.

"தூங்கிட்டான்னுதான் நெனச்சேன். தொட்டேன். இதயம்னு சொல்றாங்க. உங்க நம்பர் என்கிட்ட இல்ல, அவ போனைத் திறக்கத் தெரியல. ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்து பார்த்தா, பெட்டியில கட்டியிருந்த அட்டையில உங்க பேரும் நம்பரும் இருந்துச்சு."

அது ஹார்மின் பெட்டி அல்லவா.

 "நீங்க காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் டொலோரஸ் பெரிதாக அழ ஆரம்பித்தாள். அவள் அழுது ஓயும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

*

ஹார்ம் மிச்சிகனின் மேற்குப் பக்கத்தில், டச்சுக்காரர்கள் குடியேறிய ஜீலண்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பள்ளிக்கூட மஞ்சள் பஸ்களின் ஷெட்டில் மெக்கானிக்காக வேலை செய்து அறுபத்தாறு வயதை எட்டியவர். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி எடுத்துவைக்கிற ஊர் அது. அந்த ஊரிலேயே ஹார்மைக் கெட்டிக்கை என்பார்கள். பஸ்ஸிலிருந்து கழித்துப்போட்ட வைப்பரை வெட்டித் தன் காருக்கு மாட்டிக்கொள்வார். ஆனால் பெரும்பனி விழுந்த காலையில், யார் கூப்பிடுகிறார்கள் என்று பாராமல் போய் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, காசு கேட்காமல் வருவதும் அவர்தான்.

மனைவி வெர்னாவுக்கு நடுக்குவாதம். முதலில் காபிக் கோப்பை ஆடியது, பிறகு கையெழுத்து சிறுத்தது, பிறகு நடை. அவளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை பகலில் வந்து உட்காருவாள். பகலில் மட்டும்தான். பொழுது சாய்ந்தால் அவளும் தன் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஆகவே ஹார்மால் ஒரே நாளில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் அவருடைய உலகம்.

லீடாவின் கதை வேறு. ஊரில் நல்ல பாட்டுக்காரன் என்று பேர் வாங்கிய ஒருவனைக் கட்டிக்கொண்டு, நாலைந்து வருடம் பொறுத்துப் பார்த்து, விட்டுவிட்டு வந்தாள். வழக்கப்படி சர்ச் மூப்பர்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா. பெற்ற மகளின் வீட்டு சோபாவில் மற்ற மூப்பர்களுக்கு நடுவே கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல் உட்கார்ந்து, "போதுமான அளவு ஜெபம் பண்ணியா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். லீடா எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தாள். காற்றாலைப் படம் பதித்த பிஸ்கட்டும் வைத்தாள். அவர்கள் போனதும் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, வாசலில் நின்றிருந்த தம்பியிடம் சொன்னாள்: "இந்த ஊர்க்காரன் எவனும் இனிமே என் கையால காபி குடிக்கப் போறதில்ல."

அந்த வாரமே அரிசோனாவுக்குப் போய்விட்டாள். நீச்சல் குளம் சுத்தம் செய்கிற கம்பெனியில் கணக்கு எழுதினாள். அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அன்றைக்கு சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த ஹாம் பன்னைத் தட்டில் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்ற ஹார்ம், கேட்டவர்களிடமெல்லாம் "விமானம் கிடைக்கல" என்று சொன்னார். அவர் சொன்ன சில பொய்களில் அது ஒன்று.

அவள் ஊருக்கு வரமாட்டாள். அவரால் அவள் ஊருக்குப் போய்த் தங்க முடியாது. போனிலும் ஹார்முக்குப் பேச வராது. வானிலையைச் சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அப்படிப் பல வருடம் போன பிறகுதான் லீடா அந்தக் கிரெடிட் கார்டை எடுத்தாள்.

கம்பெனிச் செலவையெல்லாம் அதில் போட்டுப் புள்ளி சேர்த்தாள். குளோரின் வாங்கினாலும் புள்ளி, பம்பு வாங்கினாலும் புள்ளி. முதலாளிக்கு ஆட்சேபணை இல்லை, மாதம் தவறாமல் அவர் பணத்தைக் கொடுத்துவிடுவார். அந்தப் புள்ளிகளில் பருவத்துக்கு ஒரு முறை இரண்டு டிக்கெட் எடுத்தாள்: ஃபீனிக்ஸிலிருந்து ஒன்று, கிராண்ட் ராபிட்ஸிலிருந்து ஒன்று. இரண்டும் நடுவில் இருக்கும் மினியாபொலிஸில் வந்து நிற்கும். காலையில் வருவது, சாயங்காலம் அவரவர் ஊருக்குத் திரும்புவது. விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைப்பதில்லை. உட்கார்ந்து பேச லவுஞ்ச். உள்ளே விட அந்தக் கார்டு.

முதல் தடவை ஹார்ம் வீட்டிலிருந்து ஹாம் பன் கட்டிக்கொண்டு வந்திருந்தார். லவுஞ்சுக்குள் உட்கார்ந்து, செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளித்து அதைத் தின்றார்.

"டேய், என்னடா பண்ற?"

"பசிக்குது."

"அங்க பாரு. சூப்பு, சீஸு, ரொட்டி, சாலட். எல்லாம் சும்மா. நீ என்னடான்னா பள்ளிக்கூடப் பையன் மாதிரி பொட்டலம் பிரிக்கிற."

"சும்மான்னு எவன் சொன்னான்? நீ வருஷத்துக்கு எவ்வளவு கட்டற அந்தக் கார்டுக்கு?"

"ஐந்நூத்தி ஐம்பது."

ஹார்ம் மெல்லுவதை நிறுத்தினார். "ஒரு பழைய பனித்தள்ளி மெஷினே வாங்கலாமே லீடா."

"ஃபீனிக்ஸ்ல பனித்தள்ளியை வச்சு நான் என்ன பண்ண? கள்ளிச் செடியைத் தள்ளவா?"

கடைசியில் அவர் ஒரு கிண்ணம் சூப் குடித்தார். காட்டரிசியும் கோழியும் போட்ட சூப். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவரை உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தபோது, வழக்கமாகப் போடுவதோடு ஒரு கிண்ணம் சூப்பின் விலையையும் சேர்த்துப் போட்டார். ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் அப்படியே செய்தார். ஒருநாள் வாய் தவறி இதை லீடாவிடம் சொல்லிவிட, அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இங்க ஃபீஸ் கட்டறேன், நீ அங்க சர்ச்சுல கட்டறியா! ஒரே சூப்புக்கு ரெண்டு எடத்துல காசு குடுத்த குடும்பம் அமெரிக்காவிலேயே நம்ம ஒண்ணுதான்டா."

லவுஞ்சில் ஒரு விதி இருந்தது. ஒரு கார்டுக்கு மூன்று மணி நேரம்தான், அதற்கு மேல் உட்காரக் கூடாது. லீடா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடுதலாகக் காசு கட்டித் தன் கணக்கிலேயே ஹார்ம் பேரில் இன்னொரு கார்டு வாங்கினாள். முதல் மூன்று மணி நேரம் ஹார்மின் கார்டில், லீடா விருந்தாளி. நேரம் முடிந்ததும் இருவரும் வெளியே வந்து, கேட் வரிசையின் கோடிவரை நடந்து, புத்தகக் கடையில் அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த மூன்று மணி நேரம் லீடாவின் கார்டில், ஹார்ம் விருந்தாளி. வாசல் மேசையில் உட்காரும் ஹோடான் என்கிற சோமாலியப் பெண், காலையில் பார்த்தவர்களையே மறுபடி பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல் "வாங்க வாங்க, பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்பாள்.

"ரொம்பக் களைப்பு. அந்தக் கோடியிலேருந்து வர்றோம்" என்பாள் லீடா.

யார் கார்டோ அவர்கள்தான் வீட்டுக்காரர், மற்றவருக்குப் பரிமாற வேண்டும். இது பேசி வைத்த சட்டம் இல்லை, தானாக வந்த பழக்கம். ஹார்மின் மூன்று மணி நேரத்தில் அவர் போய் சூப் கொண்டுவருவார். லீடாவின் மூன்று மணி நேரத்தில் அவள் எழுந்து போய், மெஷினில் காபி பிடித்து, தளும்பாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து தம்பியின் முன்னால் வைப்பாள். அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார்.

பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விமான இறக்கைகளில் பனி கரைக்கிற வண்டிகள் ஜன்னலுக்கு வெளியே சுற்றி வரும். அவற்றின் நீண்ட கை எப்படி மடங்குகிறது, எண்ணெய் எங்கே கசிகிறது என்று ஹார்ம் சொல்வார். லீடா முதலாளியின் மூன்றாவது கல்யாணத்தைப் பற்றிச் சொல்வாள். அம்மா செய்கிற பாதாம் ரொட்டியில் எலுமிச்சைத் தோல் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு குளிர்காலமும் சண்டை போடுவார்கள். தீர்த்துவைக்க அம்மா இல்லை.

வருடம் ஒரு முறை, கார்டின் கட்டணம் வரும் மாதத்தில், ஹார்ம் அதே கேள்வியைக் கேட்பார். "இந்த வருஷமும் கட்டப் போறியா? பிரயோஜனம் இருக்கா?"

லீடா கணக்குக்காரி. அவள் பதிலும் ஒன்றே. "பேங்க்காரன் நூறு சலுகை எழுதியிருப்பான். ஓட்டல்ல தள்ளுபடி, கார்ல தள்ளுபடி, மண்ணாங்கட்டி. எல்லாத்தையும் கூட்டி, ஃபீஸுக்கு மேல வருதுன்னு சந்தோஷப்படறவன் ஏமாளி. கார்டே இல்லேன்னாலும் எதைக் கைக்காசு போட்டு வாங்குவியோ அதை மட்டும் எண்ணணும். மிச்சத்தை அடிச்சிடணும்."

"அடிச்சுட்டா உனக்கு என்ன மிஞ்சுது?"

"இந்த நாற்காலி" என்று தன்னுடையதைத் தட்டுவாள். பிறகு அவருடையதைக் காட்டுவாள். "அந்த நாற்காலி."

*

டொலோரஸ் போனை வைத்த பிறகு ஹார்ம் நெடுநேரம் பனி வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சூப்பைக் குடித்தார். லீடாவின் கிண்ணத்திலிருந்து தட்டை எடுத்துப் பார்த்தார். ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. கொட்ட மனம் வரவில்லை. அதையும் குடித்தார்.

மூன்று மணி நேரம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே எழுந்தார். பெட்டியை நிமிர்த்தினார். இடது பக்கம் சக்கரம் இல்லாததால் அது ஒருபுறம் சாய்ந்தது. வாசலில் ஹோடான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா இன்னும் வரலையா, மிஸ்டர் போர்ஸ்மா? விமானம் தாமதமா?"

சொன்னார். ஹோடான் எழுந்து நின்றாள். தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு, "உள்ள போய் உக்காருங்க. சாயங்காலம்வரைக்கும் இருங்க. யாரும் கேக்க மாட்டாங்க, நான் இருக்கேன்" என்றாள்.

"இல்லம்மா. என் நேரம் முடிஞ்சுது." பெட்டியின் கைப்பிடியை இழுத்துச் சரி செய்துகொண்டார். "அடுத்த மூணு மணி நேரம் அவளுடையது."

கேட் வரிசையின் கோடிவரை நடந்தார். ஒற்றைச் சக்கரத்தில் பெட்டி உருண்டது, மறுபக்கம் தரையில் உரசியது. புத்தகக் கடையில் அட்டைகளைப் பார்த்தார். திரும்பி உள்ளே போக இந்த முறை அவளுடைய கார்டு இல்லை. கிராண்ட் ராபிட்ஸ் விமானம் நிற்கும் கேட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

அரிசோனாவுக்குப் போக முடியவில்லை. நீச்சல் குளக் கம்பெனிக்காரர்கள் தங்கள் வண்டி நிறுத்தும் இடத்திலேயே கூடி லீடாவை நினைவுகூர்ந்தார்கள்; டொலோரஸ் போனில் காட்ட, ஹார்மும் வெர்னாவும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். உங்கள் பெட்டியை அனுப்பவா என்று டொலோரஸ் கேட்டாள். "நீங்களே வச்சுக்குங்க" என்றார் ஹார்ம்.

செய்தி வந்த அடுத்த நாளே பேங்க்கைக் கூப்பிட்டு லீடா இறந்துவிட்டதைச் சொன்னார். இறந்தவர் பேரில் இருக்கும் கணக்கு ஒரு நாள்கூடத் திறந்திருப்பது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. போனில் பேசிய பெண் வருத்தம் தெரிவித்தாள். கணக்கை அப்போதே மூடினாள். சேர்ந்திருந்த புள்ளிகள் அதோடு போயின. அவர் பேரில் இருந்த கூடுதல் கார்டும் செத்தது.

இதை பஸ் ஷெட்டில் சொன்னபோது, கூட வேலை செய்யும் லைல் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"எவ்வளவு புள்ளி இருந்துச்சு?"

"நிறையன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"அட கடவுளே. அதையெல்லாம் எடுத்துட்டு, அதுக்கப்புறம்தான்யா போன் பண்ணணும்! நீங்க ரெண்டு பேரும் ஹவாய்க்குப் போய் வந்திருக்கலாம்."

"செத்தவ காசுலயா?"

"காசு இல்லய்யா, புள்ளி!"

"அதான். அவ சேர்த்த புள்ளி."

லைல் மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டான். ஹார்முக்குப் புள்ளி போனதில் வருத்தமில்லை. அவரை வருத்தியது வேறு. போனை வைப்பதற்கு முன் பேங்க்காரப் பெண் கேட்டிருந்தாள்: "உங்க பேர்லயே புதுசா ஒரு கார்டு எடுத்துக்கலாமே சார்? ஃபீஸ் அதேதான். ஓட்டல்ல தங்கினா, வாடகைக் கார் எடுத்தா..."

"மினியாபொலிஸ் கதவு தொறக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

"எந்தக் கதவு சார்?"

*

விண்ணப்ப உறை தபாலில் வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் அதைச் சொருகி வைத்தார். குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். ஐந்நூற்றைம்பது டாலர். டிக்கெட் இனி கைக்காசு. போனால் எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. சூப் என்று பார்த்தால், எத்தனை கிண்ணம் குடித்தாலும் அந்தக் காசு திரும்பாது. யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், வேண்டாம் என்று. அவரே சொல்வார். ஆனால் உறையைக் கிழித்துப் போடவும் இல்லை. கிழித்துவிட்டால் அந்த ஜன்னலோரம் அவருக்கு அடைபட்டுப்போகும். லீடாவை அவர் கடைசியாகப் பார்த்த இடம் அது. அவளுக்குக் கல்லறை கூட இங்கே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, வெர்னாவின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நோயில் வெர்னாவின் குரல் சுருங்கிவிட்டது. குனிந்தால்தான் கேட்கும்.

"ஃபிரிட்ஜ்ல இருக்கறதை என்ன பண்ணப் போற?"

"தூக்கிப் போடணும்."

"அதைத்தான் கிறிஸ்துமஸ்லேருந்து சொல்ற."

"பிரயோஜனம் இல்ல வெர்னா. அவ இருந்தா சரி. இப்ப அங்க போய் நான் என்ன பண்ண, சூப்பு குடிக்கவா?"

"சூப்புக்காகவா போயிட்டிருந்த?"

அவர் அடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். வெர்னா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"அங்க போயிட்டு வர்ற அன்னிக்கு ராத்திரி, என் காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே பேசுவ. ஹோடான் புதுக் கண்ணாடி போட்டிருக்கா. பனி வண்டிக்காரங்க ரெண்டு பேரு சண்டை போட்டாங்க. லீடா முதலாளி தலைக்குச் சாயம் அடிச்சிருக்கான். தூக்கம் வந்தாலும் முழிச்சிருந்து கேப்பேன். மத்த நாள்லல்லாம் நீ பேசறது பிரேக்கைப் பத்தி மட்டும்தான், ஹார்ம்."

"எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியும்ல."

"தெரியும். அதான் சொல்றேன்." நடுங்கும் கையை அவர் தோளில் வைத்தாள். "அவ ஒரு கணக்கு சொல்வாளே. கார்டே இல்லேன்னாலும் எதைக் கைக்காசு போட்டு வாங்குவேன்னு. நீ எதை வாங்குவ?"

ஹார்ம் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ வண்டிப் பாதையில் உப்புத் தூவுகிற சத்தம் கேட்டது.

"அந்த நாற்காலியை" என்றார்.

"அவ இல்லாமலா?"

"அவ இல்லாமலும்."

"அப்ப கட்டு."

"தனியா உக்காந்திருக்க முடியாது வெர்னா. போன தடவை இருந்து பார்த்துட்டேன்."

"தனியா எதுக்கு? கூட ஒருத்தரை விடுவாங்கதானே. என்னைக் கூட்டிட்டுப் போ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெர்னா ஊரை விட்டு வெளியே போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சக்கர நாற்காலி, மருந்து வேளைகள், விமானத்தில் குறுகலான இடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் பருவத்துக்கு ஒரு நாள் நீ எங்கேயோ போயிட்டு வேற ஆளா திரும்பி வந்திருக்க. அந்த எடத்தை நான் பார்க்க வேண்டாமா?"

"மூணு மணி நேரம்தான் உள்ள இருக்கலாம். இப்ப ஒரே கார்டு."

"அதுக்கு மேல என் முதுகு எங்க உக்காரப் போகுது?" என்றாள். பிறகு, "எனக்கு சூப்பு நீதான் கொண்டுவரணும். உன் வீடாச்சே" என்றாள். இந்தப் பழக்கத்தை அவர் எப்போது அவளிடம் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. தைலம் தேய்த்த ஏதோ ஒரு ராத்திரியில் சொல்லியிருப்பார்.

விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பினார். கார்டு வந்தது, உலோகத்தில், கையில் எடுத்தால் கனமாக. "இதுக்கு ஒரு துவாரம் போட்டா நல்ல வாஷர்" என்றார். வெர்னா சிரித்தாள். முதல் பில்லிலேயே கட்டணம் வந்தது. முணுமுணுக்காமல் கட்டினார். பனி முற்றும் கரைந்த பிறகு, ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். ஜன்னலோர நாற்காலி ஒன்றை எடுத்துவிட்டு அங்கே சக்கர நாற்காலியை நிறுத்த இடம் இருக்குமா என்று லவுஞ்சுக்கே போன் செய்து கேட்டார். எடுத்தது ஹோடான்தான். ஒன்றையும் எடுக்க வேண்டாம், நடுவில் இருக்கிற மேசையை நகர்த்தினால் போதும், இரண்டு நாற்காலியும் அப்படியே இருக்கும் என்றாள்.

வெர்னாவின் தங்கை வந்து, மருந்துப் பெட்டி, மாற்று உடை, சால்வை எல்லாவற்றையும் எடுத்துப் படுக்கையின்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் இருக்கும் ஒரே பெட்டி லீடாவுடையதுதான்.

"அந்தப் பெட்டி சரியா இருக்கா?" என்று கேட்டாள் வெர்னா.

"இருக்கு."

"சக்கரம்?"

"மாட்டறேன்."

ஐந்து நிமிஷ வேலை. பஸ் ஷெட்டில் இதைவிடப் பெரிய சக்கரங்களை அவர் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார். புதன்கிழமை மாலை பெட்டியைச் சமையலறையில் தலைகீழாக நிறுத்தினார். திருப்புளியை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது, எழுந்து போய் அணைத்தார், வெர்னாவுக்கு மருந்து கொடுத்தார், திரும்பி வந்து, லீடா மாடிக்கு வருவதற்குள் முடிக்க நினைத்த அந்த வேலையின் முன்னால் நின்றார், பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். இடது சக்கரம், அதன் இரண்டு வாஷர்களோடு, குளிர்காலக் கோட்டின் பையிலேயே இருந்தது.